அத்தானிடம் மிஞ்சிய சொல்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போனபோது, போகிற போக்கில் அது ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. 'தண்ணி' என்பதையோ அக்காவின் பெயரையோ விட்டுவைத்திருந்தால் நாங்கள் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டோம். விட்டுவைத்தது 'கிண்டு'.

தண்ணீர் வேண்டுமென்றாலும் கிண்டு. ஜன்னலைச் சாத்து என்றாலும் கிண்டு. டாக்டர் கட்டிலருகே வந்து பெயர் கேட்டபோது, தலையைச் சற்றுத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாக "கிண்டு" என்றார். டாக்டர் அதைப் பெயர் என்று நினைத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார். நான்தான் குறுக்கே புகுந்து தடுத்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலை என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அதில் முதல்முறையாக நின்றேன். இன்னும் முழுதாக வெளியே வந்தபாடில்லை.

அவர் படுத்திருந்ததும் வேறு எங்கோ இல்லை, அவரே வேலை பார்த்த ஆஸ்பத்திரியில். மாடியில் நோயாளிகள், கீழே சமையல்கட்டு. வழுக்கும் தரை, எப்போதும் ஈரமாக இருக்கும் வடிகால் தட்டி, சுவரை ஒட்டி வரிசையாக அடுப்புகள், அதில் முதல் அடுப்பில் கஞ்சி அண்டா. ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு பெரிசு. அதைக் கிண்டுவதற்குக் கரண்டி போதாது. படகுத் துடுப்பைப் போல நீளமாக ஒரு மரத்துடுப்பு உண்டு. அத்தான் பல வருஷமாக அந்தத் துடுப்பைப் பிடித்தவர். அதனால் அங்கே அவருக்குப் பெயரே துடுப்பு. "துடுப்பு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் அடுப்பைப் பற்றவைப்பார்களாம்.

அந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. வண்டி ஓட்டும் வேலை காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனவர். வழி தவறிச் சமையல்கட்டில் நுழைந்திருக்கிறார். அப்போதிருந்த பெரிய சமையல்காரருக்கு அவசரமாக வெளியே போகவேண்டியிருந்திருக்கிறது. யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் துடுப்பை இவர் கையில் திணித்து "கிண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனவர் டீக்கடையில் கதை பேசி மறந்தே போனாராம். இவர் பாட்டுக்கு நின்று கிண்டியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அண்டா அடிபிடிக்கவில்லை, ஆளும் அசையவில்லை. வண்டி ஓட்டும் வேலை என்ன ஆயிற்று என்று அத்தான் அப்புறம் யாரிடமும் கேட்கவே இல்லை. இந்தக் கதையை அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் பெரிய சமையல்காரர் டீக்கடையில் உட்காரும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பாத்திரத்தைத் தாண்டிப் போக அவரால் முடியாது. போகிறபோது ஒரு கிண்டு, வருகிறபோது ஒரு கிண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் போட்டுக் கொடுத்த காப்பியைத் தன் டம்ளரில் கலக்கி முடித்து, என் டம்ளரையும் இழுத்துக் கலக்குவார். தெருவில் யாராவது சிமென்ட் குழைத்தால் நின்றுவிடுவார். "அடியில இருந்து எடுத்துக் கிண்டுப்பா" என்று கொத்தனாருக்கே பாடம் எடுத்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்.

என்னைக் கேலி பேசாமலும் அவரால் இருக்க முடியாது. நான் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். எனக்கு அவர் வைத்த பெயர் 'லைப்ரரி'. "லைப்ரரி வருது, எல்லாரும் வாயை மூடுங்க" என்பார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. அவருடைய முகமே அப்படித்தான். கோபமா, கேலியா, பசியா என்று அதைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்த முகம்.

மீதிக் காரணம் ஒரு சர்க்கரைப் பாகு.

என் மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போகிற சமயம், அவள் எடுத்துப் போக இனிப்புச் செய்கிறேன் என்று அக்கா அடுப்பில் பாகு ஏற்றினாள். சர்க்கரை கரைந்து கொதிக்க ஆரம்பித்த பிறகு பாகை அசைக்கக் கூடாது, சும்மா விட்டுவிட வேண்டும். அக்கா ஏலக்காய் எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து அத்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்தார். வந்தவர் சும்மா போயிருக்கலாம். கரண்டியை எடுத்து நாலு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான், பாகு பூத்துப்போனது. பளபளவென்று இருந்தது வெள்ளை வெள்ளையாக மணல் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் வேறு சர்க்கரையும் இல்லை, மகளுடைய ரயிலுக்கு நேரமும் இல்லை.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ரொம்ப நிதானமாக, "இனிமே என் பாத்திரத்துல உங்க கை பட்டுச்சுன்னா நான் அடுப்பைப் பத்தவைக்கறதையே நிறுத்திடுவேன். நீங்க ஆஸ்பத்திரிக்கே கிண்டுங்க, எனக்குக் கிண்ட வேணாம்" என்றாள். நான் வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அத்தான் கரண்டியை அடுப்பு மேடையில் சத்தமில்லாமல் வைத்தார். "சரி" என்றார்.

அவளிடம் நேராக அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அப்புறம் மாதக்கணக்கில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சுவார்த்தைதான் இல்லையே தவிர, சொல்ல வேண்டியதெல்லாம் நின்றுபோகவில்லை. எல்லாம் என் வழியாகப் போனது. நான் குடியிருப்பது அவர்களுக்கு மேல் மாடியில். "லைப்ரரி, உங்க அக்காகிட்ட சொல்லு, குளியலறைக் குழாய் சொட்டுது." அக்கா கைக்கெட்டும் தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவளும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்: "சொட்டுதுன்னா ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லு." நான் நடுவில் நின்று ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை போல இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வயசான இரண்டு பேர், பல் விழுந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல டூ விட்டுக்கொண்டால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவர் அன்றிலிருந்து சமையலறை நிலைப்படியைத் தாண்டவே இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட வெளியே ஒரு குடம் வைத்துக்கொண்டார். அது ரோஷமா, சொன்ன சொல்லுக்குக் கொடுத்த மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கும் விளங்கவில்லை, ஆனால் விளங்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் வேலை செய்யும் இடத்திலேயே சரிந்து விழுந்தார். சாப்பாட்டுத் தட்டு ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்தே மாடிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இடது கை நன்றாக இருந்தது. வலது கையும் வலது காலும் கோணிக்கொண்டன. வாயில் அந்த ஒரு சொல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஊன்றுகோல் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தார். நடந்து எங்கே போவார் என்கிறீர்கள்? சமையலறை வாசலுக்கு. உள்ளே போகமாட்டார். நிலைப்படியில் நின்று அக்காவைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, "கிண்டு" என்பார். கொஞ்சம் பொறுத்து இன்னும் அழுத்தமாக, "கிண்டு." அக்கா பசியாக்கும் என்று தட்டைக் கொண்டுவருவாள். தட்டைத் தள்ளிவிடுவார். குறை சொல்கிறாராக்கும் என்று அவள் பாத்திரத்தைக் கிண்டிக் காட்டுவாள். அதற்கும் தலையை அசைப்பார், ஆமென்றா இல்லையென்றா தெரியாது. கடைசியில் இருவருக்கும் கண் கலங்கிவிடும். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு பேரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைப்பேன்.

ஒருநாள் அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். "அவருக்கு என்ன வேணும்னு தெரியலைன்னாகூடப் பரவாயில்லடி. அன்னிக்கு 'சரி'ன்னு சொல்லிட்டுப் போனாரே, அந்தக் கோவம் இன்னும் இருக்கா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

கேட்டுப் பார்த்தால் என்ன என்றேன். கேட்டாள். நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "என் மேல கோவமா?" என்றாள். தலையை ஆட்டினார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நான் விடவில்லை, "கோவம் இல்லையா, அத்தான்?" என்றேன். அதற்கும் ஆட்டினார். "நான் உங்க கொழுந்தியாளா?" ஆட்டினார். "நான் உங்க மாமியாரா?" என்றேன். அதற்கும் அப்படியே ஆட்டிவிட்டுக் கடைசியில் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் புத்தகத்தைத் திறப்பதுதான் வழக்கம். பள்ளிக்கூடத்தில் யாரும் தொடாத ஒரு தடித்த அகராதி இருக்கிறது. அதைத் தூசி தட்டி வீட்டுக்குச் சுமந்து வந்தேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து 'கிண்டு' என்ற இடத்தைப் பிரித்தேன். பாத்திரத்தில் உள்ளதைக் கரண்டியால் கலக்குவது என்று இருந்தது. அதோடு விட்டார்களா? மண்ணைத் தோண்டுவதற்கும் அதுதான் சொல். கோழியும் பன்றியும் தரையைக் கிளறித் தின்பதற்கும் அதுதான். அடுத்தவர் மறைத்து வைத்திருப்பதைத் துருவித் துருவிக் கேட்பதும் கிண்டுதான். சும்மா இருப்பவனைத் தூண்டிவிடுவதும் கிண்டுதான். போதாததற்கு, கேலி பேசுவதைத்தான் நாம் கிண்டல் என்கிறோம். அத்தான் என்னை இத்தனை வருஷம் செய்ததும் அதைத்தானே.

"முதல்ல தோண்டறது எங்க போட்டிருக்கு, அதைத் திரும்பப் படி" என்றாள் அக்கா. படித்தேன். "பாத்தியா, அதைத்தான் சொல்றாரு. பழசைக் கிண்டுறாரு. பாகு விஷயத்தை விடமாட்டேங்கறாரு." இருக்கிற பொருளையெல்லாம் விட்டுவிட்டுத் தனக்கு எது குத்துமோ அதைத் தேடி எடுத்துக்கொண்டாள். நான் கேலி என்ற பொருளை எடுத்து நீட்டினேன். "வாய் போன மனுஷன் கேலியா பேசுவாரு?" என்று என்னையே மடக்கினாள். அந்தப் பக்கம் அத்தான் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு "கிண்டு" என்று சேர்ந்துகொண்டார்.

நான் அதோடும் விடவில்லை. சொல்லுக்கு வேர் தெரிந்தால் பொருள் பிடிபடும் என்று ஒரு நப்பாசை. பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சரைப் பிடித்தேன். அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, கெண்டு என்று ஒரு பழைய சொல் உண்டு, வெட்டுவதற்கும் தோண்டுவதற்கும் சொல்வார்கள், கிண்டு அதோடு உறவுள்ளதாக இருக்கலாம், கிளறுகூடப் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம், ஆனால் சொல்லின் பூர்வீகத்தைப் பற்றி யாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய முடியாது என்றார். வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். டீச்சர் சொன்னது நிஜமென்றால் முதலில் மண், அப்புறம்தான் பானை. கையில் ஒரு குச்சியோடு தரையைக் கிண்டிக் கிழங்கெடுத்த யாரோ ஒருத்தி, அதே குச்சியை, அதே மணிக்கட்டை, கொதிக்கிற பானைக்குள் விட்டிருக்கிறாள். பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டாலும் அடியில் ஒட்டியிருப்பதைத் தோண்டித்தானே மேலே கொண்டுவருகிறோம். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்து "கிண்டு" என்று குரல் கேட்டது. அத்தானுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் கிழங்கைப் போல மண்ணுக்குள்ளேயே இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் வந்துபோவாள். அவளிடம் என் ஆராய்ச்சியைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். "அவர் மனசுல நினைக்கறது வேற, வாயில வர்றது வேறங்க. நினைக்கறது எதுவா இருந்தாலும் இந்த வார்த்தைதான் வெளிய வரும். நீங்க வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. கை என்ன பண்ணுதுன்னு பாருங்க" என்றாள். ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதும் இப்போதைக்கு நம்பக் கூடியதில்லை என்றும் சொன்னாள். நான் அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்தானின் கையைப் பார்த்தேன். அது ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கதவு திறந்தது வேறு பக்கத்திலிருந்து. சமையல்கட்டில் இரண்டாவது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். உடம்பு சரியில்லாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பவர் போல, "எப்படிண்ணே இருக்கீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். அத்தான் நிமிர்ந்து "கிண்டு" என்றார்.

அந்த மனிதர் படாரென்று நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்து இரண்டு கையையும் முன்னே நீட்டிவிட்டார். அப்புறம்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பழக்கதோஷம்" என்றார்.

என்ன பழக்கம் என்று அக்கா கேட்டாள். அவர் விளக்கினார். கஞ்சி அண்டாவில் துடுப்பு ஒரு நொடி நிற்கக் கூடாது. நின்றால் அடி பிடித்துவிடும், அத்தனை நோயாளிகளுக்கும் கருகல் வாடைதான். ஆனால் ஒரே ஆள் கடைசிவரைக்கும் கிண்டவும் முடியாது, தோள் விட்டுப்போகும். அதனால் ஓடுகிற துடுப்பிலேயே கை மாற்றுவார்கள். பிடித்திருப்பவர் "கிண்டு" என்பார். அடுத்தவர் வந்து அவர் கைக்கு மேலே பிடிக்கவேண்டும். அந்தப் பிடி உறுதியானது தெரிந்த பிறகுதான் முதல் ஆள் தன் கையை எடுப்பார். "அன்னிக்கு விழுந்தாரே, அப்பக்கூட என்னைப் பார்த்து கிண்டுன்னாரு. எப்பவும் குடுக்கற நேரம் இல்லையேன்னு நெனச்சுக்கிட்டே போய்ப் பிடிச்சேன். என் பிடி சரியா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம்தான்மா விழுந்தாரு" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே தணிந்துவிட்டது.

அக்கா, "சண்டை போட்டவங்ககிட்டயும் அப்படிக் குடுப்பாரா?" என்று கேட்டாள்.

"எங்க குடுப்பாரு? ஒருத்தன் மேல கோவம்னா அன்னிக்கு அவன் கையில துடுப்பு வராது. தோள் கழண்டாலும் அவரே கிண்டி இறக்கிடுவாரு. அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதே, நாங்க இதை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவோம். துடுப்பைக் குடுத்தாருன்னா கோவம் போயிடுச்சுன்னு அர்த்தம்."

அவர் போனபிறகு அக்கா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கீழே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இருக்கிறதிலேயே பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறியிருக்கிறது, மாவைக் கரைத்து ஊற்றி. மூன்று பேருக்கு எதற்கு இத்தனை கஞ்சி என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அடுப்பு மேடைக்கு முன்னால் முக்காலி போட்டிருந்தாள். அத்தான் வழக்கம்போல நிலைப்படியில் நின்றார். அக்கா அவருடைய ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மரக்கரண்டியை எடுத்து அந்த இடது கையில் வைத்தாள். அவரோடு பேசவில்லை. என்னைப் பார்த்து, "உள்ள வரச்சொல்லு" என்றாள்.

சொன்னேன். அத்தான் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நிலைப்படியைப் பார்த்தார். பிறகு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு கோணின காலை இழுத்து உள்ளே வைத்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் உள்ளே வருகிறார். முக்காலியில் உட்காரவில்லை. மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு இடது கையால் கிண்ட ஆரம்பித்தார். முதலில் கரண்டி பாத்திரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது, கஞ்சி மேடையில் தெறித்தது. போகப் போகக் கை வழிக்கு வந்துவிட்டது. அடியைத் தொட்டு, ஓரம் வழித்து, நடுவில் கொண்டுவந்து, மறுபடி அடி. அக்கா அவருக்கு வலது பக்கம் நின்றாள். அவள் கை தயாராக மேடைமேல் இருந்தது. நான் அவருக்கு இடது பக்கம், ஜன்னலோரம்.

கஞ்சி இறுகிக்கொண்டு வந்தது. அவர் தோள் நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை. அவர் அக்காவின் கையை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுக் கிண்டினார். நிறுத்தவில்லை, கொடுக்கவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. கோபத்தால்தான் கொடுக்கவில்லையா, இல்லை இத்தனை மாதம் கழித்துக் கரண்டி கைக்கு வந்த சந்தோஷத்தில் விட மனசில்லையா? கொடுக்காமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாமே என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இத்தனை மாவைக் கரைத்து வைத்திருக்கிறோம்.

"கோவந்தான்" என்றாள் அக்கா. என்னிடம்தான் சொன்னாள், அவர் நடுவில் நிற்கும்போதே. மேடைமேல் இருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது அத்தான் திரும்பினார். அக்கா பக்கம் இல்லை, என் பக்கம். கரண்டிக் காம்பை என்னை நோக்கிச் சாய்த்து, "கிண்டு" என்றார்.

என்னிடம் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்கிறவளை விட்டுவிட்டு என்னிடம். குழாய் சொட்டுவதைச் சொன்னமாதிரி, சோப்புத் தீர்ந்ததைச் சொன்னமாதிரி, நான் வாங்கி அந்தப் பக்கம் நீட்டவேண்டும். இதைக் கோபம் என்று எடுப்பதா, சமாதானம் என்று எடுப்பதா? நல்ல வேளை, எனக்கு யோசனையைவிட ஆத்திரம் முதலில் வந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் கிண்டமாட்டேன் அத்தான். இத்தனை மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது. குடுக்கறதுன்னா பக்கத்துல நிக்கறவகிட்டக் குடுங்க. இல்லையா, தீய விடுங்க."

கரண்டி நின்றுவிட்டது. கஞ்சி ஒரு கொப்பளம் விட்டு அடங்கியது. கொஞ்சம் பொறுத்து லேசாகக் கருகல் வாடை வந்தது. அத்தானின் கண் பாத்திரத்துக்குப் போனது. ஒரு அண்டா அடிபிடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். தவிப்போடு அக்காவைப் பார்த்தார். கரண்டிக் காம்பு மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தது. இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவே இல்லை. இருந்த ஒரு சொல்லும் அப்போது வரவில்லை.

அக்கா அவருடைய கைக்கு மேலே பிடித்தாள். அவர் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கிண்டினார்கள், இவர் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் தள்ள, கரண்டி இருந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் எப்படியோ அவள் அவருடைய சுற்றுக்கு வந்துவிட்டாள். அடி, ஓரம், நடு, மறுபடி அடி. அவர் அவள் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா.

ஒவ்வொரு விரலாக எடுத்தார். எடுத்துவிட்டு முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, கிண்டுவதால் குலுங்குகிறதா என்று எனக்கு எப்போதும்போலத் தெரியவில்லை.

கஞ்சியை மூன்று தட்டில் ஊற்றினாள். அத்தான் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தார். அந்தக் கல்லு முகம் முதல்முறையாக ஒரு பக்கமாகச் சுளித்தது. அவளை நிமிர்ந்து பார்த்து, "கிண்டு" என்றார்.

"ஆமா, அடி பிடிச்சிருக்கு. யாரால? குடுக்கறதை நேரத்துக்குக் குடுத்திருந்தா ஏன் பிடிக்குது?" என்றாள் அக்கா. அவர் தலையை ஆட்டினார். "இந்தத் தலையாட்டலையெல்லாம் என்கிட்ட வேணாம், உங்க தலையாட்டலை எவ நம்புவா. அதைக் குடிங்க முதல்ல. நாளைக்குச் சின்னப் பாத்திரத்துல வைக்கறேன்."

நான் பழக்கதோஷத்தில் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். இரண்டு பேரில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. கருகின கஞ்சியைக் குடித்து முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.